மூப்பரின் கோபமும் மாற்கு 16ஆம் அதிகாரமும்

கேள்வி: செமினரியில் பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பு முதலாண்டு படிக்கிறேன். லீவுக்கு ஊருக்கு வந்தபோது ஆயர் என்னைப் பிரசங்கம் செய்யச் சொன்னார். பைபிளில் மாற்கு சுவிசேஷம் 16:9 முதல் 20 வரை பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, பின்னால் சேர்த்தவை என்று வகுப்பில் படித்ததைச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர், “வேதத்தைப் படிக்க அனுப்பினோமா, வெட்ட அனுப்பினோமா?” என்று கேட்டுவிட்டார். அம்மா சரியாகப் பேசுவதே இல்லை. நான் சொன்னது பொய்யா?

பதில்: பொய் இல்லை தம்பி, பாதி. 4ஆம் நூற்றாண்டுச் சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி இரண்டிலும் மாற்கு 16:8-ஓடு முடிகிறது. மீதியை மாற்கு எழுதவில்லை என்றுதான் அறிஞர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தப் பிரதிகளுக்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே, 180 வாக்கில், ஆதித் திருச்சபையின் ஆயர் ஐரேனியஸ் 16:19-ஐ மாற்கின் வார்த்தையாகவே எடுத்துக் காட்டியிருக்கிறார். பின்னால் சேர்ந்திருந்தாலும் ரொம்பப் பின்னால் இல்லை. வகுப்பில் இதையும் சொல்லியிருப்பார்கள், குறிப்பெடுக்கிற வேகத்தில் நழுவியிருக்கும். எனக்கும் அப்படி நிறைய நழுவியிருக்கிறது.

அப்புறம், யார் காதில் விழுந்தது என்று யோசித்தீர்களா? “வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது அவர்கள் சொஸ்தமாவார்கள்” என்பது 18ஆம் வசனம். காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் நெற்றியில் கைவைத்து, இந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லியே ராத்திரியைக் கழித்த அம்மாக்கள் உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை நீங்களாகவே இருக்கலாம். அன்றைய ஜெபம் செல்லாது என்று மகனே சொன்ன மாதிரி அவருக்குக் கேட்டிருக்கும்.

அம்மாவிடம் போங்கள். அடுப்படியிலேயே உட்கார்ந்து பைபிளைத் திறந்து காட்டுங்கள். அதே மாற்கு 5:23-இல் யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவன், தன் மகள்மேல் கைகளை வைக்கும்படி இயேசுவைக் கெஞ்சுகிறான். 6:5-இல் சொந்த ஊரில் சில நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்குகிறார். 16ஆம் அதிகாரத்தின் சிக்கல் இவற்றுக்கு இல்லை. மூப்பரிடம் வாதத்துக்குப் போக வேண்டாம், ஒரு வணக்கம் போதும்.

கிரேக்குப் பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 16:8-இன் கடைசிச் சொல் ‘கார்’, ‘ஏனென்றால்’ என்று அர்த்தம். ஒரு புத்தகம் அப்படி முடியுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘சொல்லாமற்போனார்கள்’ என்று வாக்கியம் ஒழுங்காக முடிந்துவிடுவதால் அந்தத் திடுக்கிடல் நமக்குத் தெரிவதில்லை.

மறுபடி பிரசங்கம் கிடைத்தால் 16:1-8 எடுங்கள். இயேசுவின் கல்லறை வாசலிலிருந்த கல்லை யார் புரட்டுவார் என்று கவலைப்பட்டுக்கொண்டே போன மூன்று பெண்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பயந்து ஓடுகிறார்கள். அரைமணி நேரத்துக்கு அதுவே தாராளம். 9ஆம் வசனத்தைப் பற்றி வாசலில் யாராவது கேட்டால், ஐரேனியஸையும் சேர்த்துச் சொல்லுங்கள்.