நோயாளியிடம் "ஜெபிக்கட்டுமா" என்று கேட்டதற்கு மெமோ – பதில்

சகோதரி, நர்ஸாகப் பணியில் இருந்தபோது, ஆபரேஷனுக்கு முந்தின இரவு ஒரு நோயாளியிடம் "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா" என்று கேட்டீர்கள், குடும்பத்தார் புகார் கொடுத்து மெமோ வந்திருக்கிறது என்கிறீர்கள். உங்கள் எண்ணத்தில் குறையில்லை. பேச்சை யார் ஆரம்பித்தார் என்பதில்தான் சிக்கல். கையில் ஊசி ஏறி, அடுத்த வலி மருந்துக்கு உங்களையே எதிர்பார்த்துப் படுத்திருப்பவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அவர் தலையாட்டினாலும் அது சம்மதம் ஆகாது.

இனி, "பயமா இருக்கும்போது உங்களுக்கு எது தெம்பு தருது?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சாமி என்றாலும் பேரக்குழந்தை என்றாலும் அதையே பிடித்துக்கொண்டு பேசுங்கள். அவர் விரும்பினால் அவருடைய மதத்தவரையே வரவழைக்க ஏற்பாடு செய்யலாம்.

அவராகவே "ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்" என்றால், முதலில் மருந்து நேரத்தைப் பாருங்கள். பிறகு திரையை இழுத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். "கட்டாயம் குணமாகும்" என்ற வார்த்தை மட்டும் வேண்டவே வேண்டாம். அதை நம்பி மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அவர் கேட்டுத்தான் ஜெபித்தீர்கள் என்று நேரத்தோடு நர்ஸ் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

சபை ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் பெயர் போடாமல் வியாதியையும் வார்டையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். அது இப்போது புகார் வந்த விஷயத்தைவிடப் பெரிய தவறு. மனதுக்குள் ஜெபிக்க யாரும் தடை சொல்ல முடியாது. பைபிளில் மத்தேயு 6:6 சொல்வதும் அந்தரங்க ஜெபத்தைத்தானே. கை கழுவும் அந்த 20 விநாடி போதும்.

மெமோவுக்குப் பதிலில் வசனம் எழுதாதீர்கள். தேதி, நேரம், கேட்ட வார்த்தைகள், இனி எப்படி நடப்பீர்கள் என்பது போதும். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.