பல லட்சம் இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைப் பகா எண் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? வகுத்துப் பார்க்காமல் எப்படி நம்புவது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. 300 இலக்க எண்ணுக்கே வர்க்கமூலம் 150 இலக்கம். நொடிக்கு நூறு கோடி கோடி வகுத்தல் செய்யும் இயந்திரம் ஒன்று பிரபஞ்சம் பிறந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தாலும், இந்நேரம் 40 இலக்க வகுத்தியைக்கூடத் தொட்டிருக்காது.

அப்புறம் என்ன செய்கிறார்கள்? எனக்கு இது புரிந்தது கல்லூரியில் அல்ல, பள்ளத்தூர் வீட்டு முகப்பில்தான். எங்கள் ஐயா (அப்பச்சியின் அப்பச்சி) பையனாக இருக்கும்போதே பர்மாவில் மோல்மேனில் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். வட்டிக்கடைக் கணக்கில் ஊறியவர். நான் பெருக்கல் கணக்குப் போட்டால் விடையை மறுபடி பெருக்கிப் பார்க்க மாட்டார், இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பார் (ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியைப் பார்ப்பதுதான் இது). 47 × 58 = 2726. 47-க்கு 4+7=11, மறுபடி கூட்டினால் 2. 58-க்கு 13, அதாவது 4. இரண்டையும் பெருக்கினால் 8. 2726-க்கு 17, கூட்டினால் 8. ஒத்துப்போகிறது.

ஒருநாள் வேண்டுமென்றே 2762 என்று மாற்றி எழுதிக் காட்டினேன். அதற்கும் கூட்டு 8 தான்! அவர் சிரித்துவிட்டு, "ஒன்பது ஒத்துக்கலேன்னா கணக்கு தப்புடா. ஒத்துக்கிட்டா சரின்னு யார் சொன்னா?" என்றார். அப்புறம் பதினொன்றை வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். வலப்பக்கத்திலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 47-க்கு 3, 58-க்கு 3, பெருக்கினால் 9. சரியான 2726-க்கு 9 வருகிறது, என் திருட்டு 2762-க்கு 1. மாட்டிக்கொண்டேன்.

பெரிய எண்களைச் சோதிப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஃபெர்மாவின் சிறிய தேற்றம் சொல்வது இது: 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1. ஏழுக்கு: 2-இன் 6-ஆம் அடுக்கு 64, ஏழால் வகுத்தால் மீதி 1. ஒன்பதுக்கு: 2-இன் 8-ஆம் அடுக்கு 256, மீதி 4. ஆக ஒன்பது பகா எண் அல்ல. கவனியுங்கள், ஒன்பதின் காரணி எது என்று நாம் தேடவே இல்லை. அடுக்கு எவ்வளவு பெரிதானாலும் கவலையில்லை. வர்க்கம் எடு, மீதியை வை, மறுபடி வர்க்கம் எடு. 300 இலக்க எண்ணுக்கு ஏறக்குறைய ஆயிரம் வர்க்கத்தில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் 2762 போல இங்கேயும் திருடர்கள் உண்டு. 341 = 11 × 31. 2-இன் 10-ஆம் அடுக்கு 1024, அதை 341-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 340-ஆம் அடுக்குக்கும் மீதி 1. தேர்வில் பாஸ்! 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் மீதி 56 வந்து குட்டு உடைகிறது. சரி, ஆளை மாற்றிக்கொண்டே போனால் எல்லாத் திருடனும் அகப்படுவானா என்றால், இல்லை. 561, 1105, 1729 போன்ற சில எண்களுடன் பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் மீதி 1 தான். கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். இவை முடிவின்றி இருக்கின்றன என்று 1994-இல் நிரூபித்துவிட்டார்கள். ஆம், அதே 1729 தான், இராமானுஜன் எண். (இராமானுஜன் பெயரில் சென்னையில் கணித நிலையத்தை 1950-இல் தொடங்கியவர் எங்கள் பக்கத்துக் கோட்டையூர்க்காரர், அழகப்பச் செட்டியார். காரைக்குடிக்காரன் இதைச் சொல்லாமல் விட முடியாது.)

இந்த ஓட்டையை அடைத்தது மில்லர்–ராபின் சோதனை. மில்லர் 1976, ராபின் 1980. கடைசி மீதியை மட்டும் பார்க்காமல், அங்கே போகும் வழியையும் பார்ப்பதுதான் அதன் சூட்சுமம். 341-ஐயே எடுங்கள். 340 என்பது 4 × 85. 2-இன் 85-ஆம் அடுக்குக்கு மீதி 32. அதை வர்க்கப்படுத்தினால் 1024, மீதி 1. பகா எண்ணாக இருந்தால் வர்க்கம் 1 ஆவதற்கு 1 அல்லது −1 மட்டுமே வழி. 32 எங்கிருந்து வந்தது? அங்கேயே சாயம் வெளுத்துவிட்டது. போனஸாக, 32-க்கு இரு பக்கமும் உள்ள 31, 33 ஆகியவற்றில் காரணிகளே எட்டிப் பார்க்கின்றன.

பகு எண் எதுவானாலும் இந்தச் சோதனையை ஏமாற்ற உதவும் அடிமானங்கள் (2, 3 போல நாம் அடுக்குக்கு உயர்த்திப் பார்க்கும் எண்கள்) அதிகபட்சம் நான்கில் ஒரு பங்குதான். கண்ணை மூடிக்கொண்டு 40 அடிமானங்களை எடுத்துச் சோதித்தால், பகு எண் ஒன்று தப்பிக்கும் வாய்ப்பு 4-இன் 40-ஆம் அடுக்கில் ஒன்று. இணையப் பாதுகாப்பில் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் 2048 பிட் சாவிக்கு எடுக்கும் 300 சொச்சம் இலக்கப் பகா எண்கள் பெரும்பாலும் இப்படித் தேறியவைதான். யாரும் உட்கார்ந்து நிரூபிப்பதில்லை. இதைக் கேட்டுச் சிலர் பதறுகிறார்கள். எனக்குப் பதற்றமில்லை. அந்த வாய்ப்பைவிட உங்கள் கணினி நடுவில் ஒரு பிட்டைத் தவறாக எழுதும் வாய்ப்பு எத்தனையோ மடங்கு அதிகம்.

ஆனால் "அநேகமாகப் பகா எண்" என்பது வேறு, "பகா எண்" என்பது வேறு. இதை எனக்கு உறைக்க வைத்தது என்னிடம் டியூஷன் படித்த பையன். 1000 இலக்க எண்களில் மிகச் சிறிய பகா எண் எது என்று தேடினோம். 1 போட்டு, 998 சுழியம் போட்டு, கடைசியில் 7. சோதனையில் தேறியது. நான் உடனே பலகையில் "பகா எண்" என்று எழுதிவிட்டேன். "நிரூபிச்சாச்சா சார்?" என்றான். இல்லை. பாரி ஜிபி என்ற இலவச மென்பொருளில் நிரூபணத்தை ஓட விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். வந்தபோது முடிந்திருந்தது, கூடவே ஒரு நீளமான சான்றிதழும் தயாராக இருந்தது.

நிரூபணத்தின் அழகே அந்தச் சான்றிதழ்தான். நீள்வட்ட வளைவுகளை (ஒருவகைச் சமன்பாடு தரும் வளைகோடுகள், பெயரில்தான் நீள்வட்டம்) வைத்து, "இந்தச் சின்ன எண் பகா எண் என்றால் அந்தப் பெரிய எண்ணும் பகா எண்" என்று காட்டுவார்கள். சின்னதற்கு இன்னும் சின்னது, அதற்கு இன்னும் சின்னது என்று படியிறங்கி, கையாலேயே பார்க்கக்கூடிய எண்ணில் வந்து நிற்கும். 1986-இல் கோல்ட்வாசரும் கிலியனும் தொடங்கியது. நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் ஆட்கினும் மொரைனும். தயாரிக்கத்தான் நேரமாகும். சான்றிதழ் கையில் இருந்தால் இன்னொருவர் தன் கணினியில் சட்டென்று சரிபார்த்துவிடலாம், தயாரித்தவனை நம்ப வேண்டியதே இல்லை.

சோதனைக்கும் நிரூபணத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டுமா? 86,453 ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண் 2000-ஆம் ஆண்டிலேயே சோதனையில் தேறிவிட்டது. ஆந்திரியாஸ் எங்கே (Andreas Enge) என்ற கணிதவியலர் அதைப் பகா எண் என்று நிரூபித்தது 2023-இல்.

"ஐஐடி கான்பூர்க்காரர்கள் 2002-இலேயே இதைத் தீர்த்துவிட்டார்களே" என்று யாராவது கருத்துரையில் எழுதுவீர்கள். அகர்வால், கயால், சக்சேனா மூவரும் காட்டியது பெரிய விஷயம்தான்: வாய்ப்புக் கணக்கோ நிரூபிக்கப்படாத ஊகமோ இல்லாமல், இலக்க எண்ணிக்கையின் ஏதோ ஓர் அடுக்குக்குள் அடங்கும் நேரத்தில் எந்த எண்ணையும் தீர்மானித்துவிடலாம். கோட்பாட்டில் மைல்கல். பெரிய எண்களை நிஜமாக நிரூபிக்க உட்காருபவர்கள் அதை ஓட்டுவதில்லை, மெதுவானது.

அப்படியென்றால் கோடிக்கணக்கான இலக்கம்? அதற்கு எல்லா எண்ணும் லாயக்கில்லை. பக்கத்து வீடு (ஒன்று கூடிய அல்லது குறைந்த எண்ணின் காரணிகள்) நன்றாகத் தெரிந்த எண்ணாக இருக்க வேண்டும். 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்த மெர்சென் எண்ணுக்குப் பக்கத்து வீடு முழுக்க 2-களால் ஆனது. அதனால் லூக்கா–லேமர் சோதனை அதற்குப் பொருந்துகிறது, அது சோதனை மட்டுமல்ல, நிரூபணமே. 127-க்குச் செய்து பாருங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை வையுங்கள்: 4, 14, 67, 42, 111, 0. 127 என்பது 2-இன் 7-ஆம் அடுக்கில் 1 குறைவு, ஆகவே 7−2=5 படியில் சுழியம் வந்தால் பகா எண். வந்துவிட்டது. லூக்கா 1876-இல் இந்த வழியில் 2-இன் 127-ஆம் அடுக்கில் 1 குறைவான 39 இலக்க எண்ணைக் கையாலேயே போட்டு முடித்தார். 1951 வரை அதைவிடப் பெரிய பகா எண்ணை யாரும் காட்டவில்லை.

மெர்சென் பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் நானும் சில வருடம் ஒரு பழைய கணினியை விட்டிருந்தேன். சித்திரை வெயிலில், பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) வைத்தும், அது அடுப்பாகக் கொதித்தது. மூன்று வாரம் ஓடி வந்த என் விடை, இன்னொருவர் போட்ட விடையோடு ஒத்துப்போகவில்லை. மூன்றாவது ஆள் போட்டுப் பார்த்ததில் தவறு என்னுடையது. ரேம் பட்டை ஒன்று பழுது. கோடிக்கணக்கான வர்க்கத்தில் ஒரு பிட் புரண்டாலும் கடைசி மீதி மொத்தமும் குப்பை. பேரேட்டில் ஒரு பக்கத்துக் கூட்டல் பிசகினால் ஐந்தொகை வரை பிசகுமே, அந்த மாதிரி. இப்போது முதல் சோதனையை ஃபெர்மா முறையில் ஓட்டுகிறார்கள், அதில் கெர்பிச் என்பவர் சொன்ன இடைச்சோதனை சேர்ந்திருக்கிறது. பிழை வந்தால் நடுவிலேயே தெரிந்து, சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் தொடரலாம்.

2024 அக்டோபரில் கிடைத்த எண்ணும் அப்படித்தான் வந்தது: 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் 1 குறைவு, மொத்தம் 4,10,24,320 இலக்கம். லூக் டியூரண்ட் என்பவர் வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் சிப்களில் டப்ளினில் ஒன்று "அநேகமாகப் பகா எண்" என்றது. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இன்னொன்று லூக்கா–லேமர் ஓட்டிச் சுழியம் காட்டியது. அதன் பிறகும் வேறு வேறு மென்பொருள், வேறு வேறு கணினிகளில் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அறிவித்தார்கள்.

என் கணினிக்கு ரேம் மாற்றியாகிவிட்டது. சித்திரை, வைகாசியில் மட்டும் நிறுத்தி வைக்கிறேன்.