பிளெண்டர் பிரேம்கள் ஏன் இவ்வளவு இடம் பிடிக்கின்றன?

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்த நல்லூர்த் தேர் அனிமேஷன் 10 செக்கன்தான், ஆனால் 240 பிரேமும் (அசைவின் தனித்தனிப் படங்கள்) 8 ஜிபி பிடித்துவிட்டதே என்று கேட்டிருந்தீர்கள். கணக்குச் சரிதான்: 1920×1080 படம், 4 சானல் (சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை), ஒவ்வொன்றுக்கும் 32 பிட் என்றால் சுருக்காத ஒரு பிரேமே 33 எம்பி.

பிரேம்களைச் சேமிக்கும் ஓபன்இஎக்ஸ்ஆர் என்ற கோப்பு வடிவில் ஃபுளோட் ஃபுல் (32 பிட்) என்பதை ஹாஃப் (16 பிட்) ஆக்குங்கள். சுருக்கும் முன்பே பாதி. பிறகு கோடெக்கை, அதாவது சுருக்கும் முறையை, டிடபிள்யூஏஏ ஆக மாற்றுங்கள். தரம் கொஞ்சம் இழக்கும், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆழத் தகவல், கிரிப்டோமேட் (பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க உதவும் தகவல்) உள்ள கோப்புக்கு மட்டும் தரம் இழக்காத ஸிப் முறைதான் நல்லது. டீநாய்ஸ் செய்யாத, அதாவது புள்ளி இரைச்சலை நீக்காத படமோ ஸிப்பில் லேசில் சுருங்காது.

நிறத்தில் இனிக் கை வைக்கப் போவதில்லையா? சரி, 8 பிட் பிஎன்ஜி போதும். அதன் சுருக்க அளவைக் கூட்டினால் தரம் குறையாது, சேமிக்கும் நேரம்தான் கூடும்.

நேரே எம்பி4 வீடியோவாக ரெண்டர் செய்யாதீர்கள் (இறுதிப் படத்தை உருவாக்காதீர்கள்). இடையில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு.