ஒலிநாடாவில் என்ன மிச்சம்?

கேள்வி: ஏஎம்எம் என்ற லண்டன் இசைக்குழுவின் அறுபதுகளின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டேன். உறுமல், கீறல், நடுவில் ரேடியோ. இதைக் குழந்தைகூட வாசித்துவிடும். தவிர, அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பதுதான் இவர்கள் கொள்கை என்றால், அதைப் பதிவு செய்து விற்பது முரண்பாடு இல்லையா?

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் பாதி வெறும் எரிச்சல், இரண்டாவது பாதிதான் கேள்வி. எரிச்சலை முதலில் முடித்துவிடலாம். குழந்தையிடம் ஒரு வாத்தியத்தைக் கொடுத்தால் ஜோராகத் தட்டும், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று காது கொடுக்காது. ஏஎம்எம்மின் வேலையே அந்தக் காது கொடுப்பதுதான். 1965-ல் இதைத் தொடங்கிய கீத் ரோவ், லூ கேர், எடி பிரெவோ மூவரும் ஜாஸ் வாசித்து வந்தவர்கள். அடுத்த வருடம் சேர்ந்த கார்னீலியஸ் கார்டியூ அதற்கு முன் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் உதவியாளராக இருந்தவர். இசை தெரியாததால் யாரும் இங்கே வந்து ஒதுங்கவில்லை. ரோவ் கிட்டாரை மேஜையில் படுக்கப் போட்டு வாசிப்பதும் கிறுக்குத்தனம் இல்லை. அவர் ஓவியம் படித்தவர், அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் கான்வாஸைத் தரையில் விரித்து வரைந்ததைப் பார்த்து, கிட்டாரையும் ஏன் அப்படிக் கிடத்தக் கூடாது என்று யோசித்தவர். அந்த ரேடியோவும் அவர்களுக்கு ஒரு வாத்தியம், அவ்வளவுதான். எந்த நேரத்தில் எந்த நிலையம் என்ன ஒலிபரப்பும் என்று வாசிப்பவருக்கே தெரியாது, வந்ததை வைத்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

சரி, இரண்டாவது பாதி. நீங்கள் கேட்டதை கார்டியூவே உங்களை விடக் கடுமையாகச் சொல்லிவிட்டார். 1971-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில், இந்த மாதிரி வாசிப்பின் ஒலிநாடாக்கள் அடிப்படையில் காலியானவை, நடந்ததன் வடிவத்தைத்தான் அவை பிடித்து வைக்கின்றன, அந்த இடமும் அந்த உணர்வும் அவற்றில் இல்லை என்று எழுதினார். அதே குழுவின் டிரம்மர் பிரெவோவோ 1979-ல் மேட்ச்லெஸ் என்று சொந்தமாக ஒரு இசைத்தட்டு நிறுவனமே தொடங்கி ஏஎம்எம் ஒலிப்பதிவுகளை வரிசையாக வெளியிட்டார். ஆக, நீங்கள் சொல்லும் முரண்பாடு அந்தக் குழுவுக்குள்ளேயே இருந்ததுதான். என் ஓட்டு பிரெவோவுக்கு.

ஏன் என்றால், நேரில் பார்க்கும்போது கண் குறுக்கே வந்துவிடுகிறது. செலோ என்ற பெரிய வயலின் மாதிரியான வாத்தியத்தின் வில்லை வைத்து உலோகத்தட்டின் விளிம்பை இழுப்பவர் இவர், அந்த இரைச்சல் அவருடைய ஆம்ப்ளிஃபையரிலிருந்து என்று நாமே பங்கு பிரித்துவிடுவோம். 1968 ஜூனில் பதிவான அவர்களுடைய ‘தி கிரிப்ட்’ ஒலிப்பதிவைக் கேளுங்கள், அந்தப் பிரிப்பு நடக்காது. கிட்டாரா, செலோவா, மின்னொலியா என்று தெரியாத ஒரு ஒலிப்படலம் மேல் இன்னொன்று வந்து படிகிறது, எது எப்போது விலகியது என்றும் சொல்ல முடியாது. யாருடைய ஒலி எது என்ற அடையாளமே கரைந்துபோக வேண்டும் என்றுதான் இவர்கள் வாசித்தார்கள், அதை மேடையை விட ஒலிப்பதிவுதான் சுத்தமாகக் காட்டுகிறது. கார்டியூ இந்த இடத்தில் சறுக்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் வருகிறேன். ஏஎம்எம் நிகழ்ச்சிக்குத் தொடக்கமோ முடிவோ கிடையாது என்று அவர்களே எழுதி வைத்தார்கள், ஆனால் 1966-ல் பதிவாகி அடுத்த வருடம் எலெக்ட்ரா நிறுவனத்தில் வந்த முதல் ரெக்கார்டு எல்பி, ஒரு பக்கத்துக்கு சுமார் இருபது நிமிடம்தான் தாங்கும், அதற்குள் வெட்டியாக வேண்டும். அது இழப்புதான். பிறகு சிடி வந்தபோது ஒரு முழு நிகழ்ச்சியையும் நிறுத்தாமல் கேட்க முடிந்தது, அப்புறம்தான் இந்த இசைக்கு ஏற்ற தட்டு கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் இரைச்சல் உங்களுக்கு ஒத்துவராது என்று தெரிகிறது. அதனால் 1992-ன் ‘நியூஃபவுண்ட்லாந்து’ தட்டை எடுங்கள். ரோவ், பிரெவோ, பியானோவில் ஜான் டில்பரி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஒரே வாசிப்பு, பழையதை விட இடைவெளிகள் நிறைய. வேறு வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள், மெட்டு எங்கே என்றும் தேடாதீர்கள். அதுவும் எரிச்சலூட்டினால் மறுபடி எழுதுங்கள், அந்தக் கடிதத்தைப் பதில் சொல்லாமலே பிரசுரிக்கிறேன்.