தன்னம்பிக்கையும் வசீகரமும் இருந்தாலே ஒரு கதாபாத்திரம் தலைவனாகிவிடுமா?

ஆகாது. கல்கியின் சோழர் கால நாவல் 'பொன்னியின் செல்வன்' (1950-54) ஒன்றை எடுத்தாலே போதும். அதில் இந்த இரண்டும் அதிகம் இருப்பது கதையின் நாயகனான வாணர்குல வீரன் வந்தியத்தேவனிடம்தான். மாட்டிக்கொண்ட இடத்தில் எல்லாம் வாயாலேயே தப்பித்துவிடுவான், நமக்கும் அவனைத்தான் ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் ஒரு கூட்டம் அவன் பின்னால் திரள்வதில்லை. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனிடம் வீரத்துக்குக் குறைவே இல்லை, அவன் பிரச்சினை வேறு. உள்ளே இருக்கும் குற்ற உணர்ச்சி அவனை யாரையும் நம்ப விடவில்லை.

அவன் தம்பி அருள்மொழியை (பின்னாளில் ராஜராஜ சோழன்) பாருங்கள். இலங்கையில் போர் செய்யும்போது அந்த ஊர் மக்களின் சோற்றைப் பிடுங்கக் கூடாது, படைக்கு உணவு சோழ நாட்டிலிருந்தே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். சோழ நாட்டின் கருவூலத்தையும் தஞ்சைக் கோட்டையையும் கையில் வைத்திருக்கும் பழுவேட்டரையர்களுக்கு அதில் கடும் எரிச்சல். அப்புறம் அனுராதபுரத்தில் பிக்குகள் இலங்கைச் சிம்மாசனத்தையே கொடுக்க வரும்போது அமைதியாக மறுத்துவிடுகிறான். தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாதவனால் இப்படி மறுக்க முடியாது என்பது என் கருத்து. அவனுடைய வசீகரமும் பேச்சில் இல்லை, இப்படிப்பட்ட முடிவுகளில்தான் இருக்கிறது. (பிறவியிலேயே அவனுக்குக் குறையே இல்லாதபடி கல்கி எழுதிவிட்டார் என்ற புகார் எனக்கும் உண்டு.)

அதனால் நீங்கள் கதை எழுதுகிறீர்கள் என்றால், 'கம்பீரமானவன்' என்று வர்ணிப்பதை விட்டுவிட்டு, அவன் எதை வேண்டாம் என்கிறான், அதனால் யாருக்குக் கோபம் வருகிறது என்று இரண்டு காட்சி வையுங்கள்.