கச்சான் காலத்துப் பூக்கூடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முற்றத்தில் பறித்த பூவைத் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். வைகாசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழுந்ததும் செவ்வரத்தை இலை கருகிக் கொட்டுகிறது. மல்லிகையும் மொட்டு வைப்பதில்லை. வெறுங்கையோடு போக மனம் கூசுகிறது. எங்கே பிழை விடுகிறேன்?
- வாசகி, உப்புவெளி

பதில்: பிழை உங்களுடையது அல்ல. கச்சான் தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரம் வற்றித்தான் நம் பக்கம் இறங்குகிறது. வேர் குடிப்பதைவிட வேகமாக இலை நீரை இழப்பதால் முதலில் இலை ஓரம் கருகும். இலையைக் கொட்டுவது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. பட்டுவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். கொப்பின் தோலை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

மணல் நிலத்தில் பலர் செய்யும் தவறு, தினமும் மேலாகத் தண்ணீர் தெளிப்பது. அதனால் வேர் மேல்மணலிலேயே தங்கி, மதிய வெயிலில் வெந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், ஒரு செடிக்கு ஒரு வாளி, அதாவது 10 லீற்றர். பாதியை ஊற்றி, அது உறிஞ்சியபின் மீதியை ஊற்றுங்கள். அடியில் 3 அங்குலம் சருகு பரப்பி, தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள். தண்டோடு ஒட்டினால் பட்டை அழுகும். புரட்டாதியில், மழைக்கு முன், செடியிலிருந்து 2 அடி தள்ளி ஓரடி ஆழம் வெட்டி, தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண்ணால் மூடினால், மாரி நீரை அது பிடித்து வைத்திருக்கும். மேற்குப் பக்கம் கிடுகு மறைப்பு கட்டுங்கள். மார்கழியில் வாடை கடலுப்பைக் கொண்டுவந்து இலையில் படியவிடும். அப்போது நல்ல தண்ணீரால் இலையைக் கழுவ வேண்டும்.

மல்லிகைக்குத் தை மாதம் முக்கியம். மழை ஓய்ந்ததும் இரண்டு கிழமை தண்ணீரைக் குறைத்து, நிலத்திலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்துப் பண்ணி, மக்கிய மாட்டெரு இடுங்கள். புதுத் துளிரில்தான் மொட்டு வரும். வெட்ட மனம் வராமல் விட்ட செடி இலையாகவே வளரும்.

வெறுங்கை என்று கவலைப்படுகிறீர்கள். அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூவும் எடுத்துத் தொண்டு செய்தவர். மரம், கொடி, நீர், செடி என்று தோட்டத்தை வகுத்து வைத்தால் ஒன்று ஓயும்போது மற்றது கைகொடுக்கும். சித்திரை தொடங்கி, மற்றவை வாடுகிற வெயிலில்தான் கொன்றை சரஞ்சரமாகத் தொங்கும். எருக்கும் அலரியும் கச்சானுக்கு அஞ்சா. அவையும் இல்லாத நாளில் ஒரு பச்சிலை போதும். நந்தவனப் பணி சைவத்தில் சரியை, அதாவது உடலால் செய்யும் இறைதொண்டு. அப்பர் சுவாமிகள் கையில் இருப்பதே புல் செதுக்கும் உழவாரம். ஆடியில் நீங்கள் வேருக்குச் சருகு பரப்பும் அந்த நேரமும் வழிபாடு என்றே நாங்கள் நம்புகிறோம்.

கேள்வி: வில்வக் கன்று இரண்டு முறையும் மாரியில் அழுகிவிட்டது. சிவராத்திரிக்கு வீட்டு வில்வம் சாத்த ஆசை.
- வாசகர், தம்பலகாமம்

பதில்: வயல்காட்டுக் களிமண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்றில்லை; அழுகல் அதனால்தான். 2 அடிக்கு 2 அடி குழியில் மேல்மண், மணல், கூட்டெரு மூன்றையும் சம பங்காக நிரப்பி, அதன்மேல் ஒன்றரை அடி மேடு எழுப்பி, தையில் நடுங்கள். மணல் நிலத்தார் ஐப்பசி முதல் மழையோடு நடலாம்.

துளிரில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு அது. வளர்ந்ததும் பச்சையாகி ஓரிரு நாளில் சிறு கன்றை மொட்டையாக்கிவிடும். மருந்து வேண்டாம். இலையோடு எடுத்து, வளர்ந்த எலுமிச்சை மரத்தில் விட்டுவிடுங்கள்.

சதுர்த்தசியில் வில்வம் பறிப்பதில்லை என்பது மரபு. சிவராத்திரி சதுர்த்தசியில் வருவதால் முந்திய நாளே பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். மூன்று இதழும் முழுதாக இருக்கட்டும். வெயில் காலத்தில் மரம் இலை உதிர்த்தால் பயப்பட வேண்டாம், அது அதன் இயல்பு.

கேள்வி: மருந்தடித்த செவ்வரத்தையைச் சுவாமிக்கு வைக்கலாமா?
- வாசகி, நிலாவெளி

பதில்: வைக்காமல் இருப்பதே நல்லது. மாவுப்பூச்சி என்றால் முதலில் எறும்பைத் தடுங்கள். பூச்சியைக் கொப்புக்குக் கொப்பு சுமப்பது அதுதான். 1 லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், சிறிது சவர்க்காரக் கரைசல் கலந்து, பூப்பறித்த நாள் மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். அடுத்த மூன்று நாள் பூவைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.