போர்ல மாட்டின பசங்க கதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேடம், என் பையனுக்கு 13 வயசு, இங்கிலீஷ் புக் நல்லாவே படிப்பான். 'டுமாரோ' சீரிஸ்னு ஒண்ணு இருக்காம், ஆஸ்திரேலியா பசங்க போர்ல மாட்டிக்கிற கதையாம், வாங்கிக் குடுன்னு ஒரே நச்சரிப்பு. சண்டை, சாவுன்னு இருக்குமே, இந்த வயசுல குடுக்கலாமா?
- ஈரோடு வாசகி

பதில்: தாராளமா குடுங்க, ஆனா கூடவே நீங்களும் படிங்க. ஜான் மார்ஸ்டன் எழுதினது, முதல் புக் 'டுமாரோ, வென் த வார் பிகன்' 1993ல வந்துச்சு, 1999க்குள்ள மொத்தம் ஏழு. எல்லின்னு ஒரு விவசாயி வீட்டுப் பொண்ணு, ஃப்ரெண்ட்ஸோட மலைக்கு நடுவுல 'ஹெல்'னு சொல்ற ஒரு பள்ளத்துக்குக் கேம்ப் போறா. ஒரு ராத்திரி தலைக்கு மேல லைட்டே போடாம வரிசையா விமானம் போகுது, யாரும் பெருசா எடுத்துக்கல. திரும்பி வந்தா வீட்டுல ஆள் இல்ல, கரண்ட் இல்ல, போன் செத்துக் கிடக்கு, கட்டிப் போட்ட நாய்ங்களும் செத்துக் கிடக்கு. வேற நாட்டு ராணுவம் உள்ள வந்தாச்சு, ஊர்ஜனத்தைப் புடிச்சு பொருட்காட்சி மைதானத்துல அடைச்சு வெச்சிருக்காங்க. அந்த நாய்ங்களைப் படிச்ச எடத்துல நான் புக்கை மூடி வெச்சுட்டேன், ஒரு குண்டு வெடிக்கல, ஒரு ஆர்மிக்காரன் கண்ணுல படல, அதுக்குள்ள வயித்தைப் பிசைஞ்சிடுச்சு.

இதுங்க எதுவும் பெரிய வீரனுங்க இல்ல, பண்ணைல வளர்ந்த பசங்களுக்கு என்ன தெரியுமோ அதை வெச்சுதான் சமாளிக்குதுங்க. பாலத்துல காவல் இருக்கிறவங்களை விரட்ட மாட்டு மந்தையைக் கிளப்பி விடுறாங்க, அந்த கேப்ல எல்லியும் இன்னொரு பொண்ணும் பெட்ரோல் டேங்கர் லாரியைப் பாலத்துக்கு அடியில கொண்டு போயி நிறுத்திக் கொளுத்துறாங்க. என் பையன் அந்த சேப்டரை மூணு தடவை படிச்சான்.

நீங்க பயப்படுற சாவு இருக்கு, மறைக்க மாட்டேன். துரத்திட்டு வர்ற சிப்பாய்ங்ககிட்ட இருந்து தப்பிக்க எல்லி ஒரு புல்லு வெட்டுற மெஷினோட பெட்ரோல் டேங்கைக் கொளுத்தி விடுறா, ஆளுங்க செத்துடுறாங்க, அது அவளை விடவே மாட்டேங்குது, நான் இப்ப எப்படிப்பட்டவன்னு திரும்பத் திரும்ப தனக்குள்ளயே கேட்டுக்கிறா. வீடியோ கேம்ல சுட்டுட்டு அடுத்த லெவல் போற நம்ம பசங்க இதை அவசியம் படிக்கணும்னு நான் நினைக்கிறது இதுக்காகத்தான். காதல் விஷயமும் கொஞ்சம் வெளிப்படையா வரும், அதனாலதான் கூடவே படிக்கச் சொல்றேன்.

கேள்வி: படை எடுத்து வர்றது எந்த நாடுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே, ஏன்?
- மதுரை வாசகர்

பதில்: வேணும்னேதான் சொல்லாம விட்டிருக்கார். பேரைச் சொல்லியிருந்தா படிக்கிற பசங்க அந்த நாட்டு ஜனங்க மேல வெறுப்பை வளர்த்துக்கும். ஆனாலும் பக்கத்துல இருக்கிற ஜனநெருக்கடியான நாடுன்னு குறிப்பு வர்றதால, ஆசியாக்காரங்க வந்து புடுங்கிக்குவாங்கங்கிற ஆஸ்திரேலியாவோட பழைய பயத்துக்கு இது தீனி போடுதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. அதே சமயம் அந்தக் கும்பல்லயே லீன்னு ஒரு பையன், அப்பா தாய்லாந்து, அம்மா வியட்நாம், அவனும் இவங்களோட சேந்துதான் போராடுறான். நமக்கு மட்டும் இவ்ளோ நிலம் வேணுமான்னும் பசங்க தங்களுக்குள்ளயே வாக்குவாதம் பண்ணிக்குதுங்க. மார்ஸ்டனே 1998ல ஷான் டான் படங்களோட 'த ராபிட்ஸ்'னு ஒரு படப்புத்தகம் எழுதினார், அதுல வெள்ளைக்காரங்க வந்து பூர்வகுடி மண்ணைப் புடுங்கினதுதான் கதையே. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிச்சுப் பாருங்க.

கேள்வி: படம் பாத்தா போதாதா?
- திருச்சி வாசகர்

பதில்: 2010ல வந்த படம் முதல் புக்கை மட்டும்தான் எடுத்துக்கிட்டது, மிச்சம் ஆறு புக்கு இருக்கே. புக்குல எல்லி தானே உக்காந்து நடந்ததை ஒவ்வொண்ணா எழுதி வெக்கிறா, நம்மளை யாராவது மறந்துடக் கூடாதுன்னு ஃப்ரெண்ட்ஸ்தான் அவளை எழுதச் சொல்றாங்க. முதல் புக்கை வாங்குங்க, வரிசை மாத்திப் படிக்காதீங்க.